சர்க்கார் முள்: அரசு நட்டது, அரசே பிடுங்குகிறது

புதுதில்லி:

குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்புறம் விரிந்து கிடக்கும் தில்லியின் மத்திய ரிட்ஜ் காட்டுப் பகுதிக்கு, இராமநாதபுரத்திலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வந்த ஒருவரை அழைத்துச் சென்றால் அவருக்கு அது அந்நிய நிலமாகத் தோன்றாது. சொந்த ஊர்க் கண்மாய்க்குள் நிற்பது போன்ற உணர்வே ஏற்படும். வளைந்து நெளிந்த கிளைகள், இரட்டை முட்கள், வெளிர் பச்சைச் சிற்றிலைகள், தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் நெற்றுகள் என அங்கே பெரும்பகுதியை நிறைத்து நிற்பது, தமிழகத்தில் சீமைக்கருவேலம் என்று அழைக்கப்படும் அதே மரம்தான்.

இந்த மரத்திற்கு நாடெங்கும் வழங்கும் பெயர்கள் கவனிக்கத்தக்கவை. தில்லியில் இது 'விலாயதி கீகர்', அதாவது சீமையிலிருந்து வந்த கருவேல். ஜோத்பூர் வட்டாரத்தில் 'அங்ரேஜி பாவல்', ஆங்கிலேயக் கருவேல். கர்நாடகத்தில் 'பெல்லாரி ஜாலி'. தமிழகத்தில் சீமைக்கருவேல், வேலிக்கருவை, வேலிகாத்தான் என்பதோடு சில வட்டாரங்களில் 'தில்லி முள்' என்ற பெயரும் உண்டு. ஒவ்வோர் ஊரும் இதை வேறோர் ஊரின் கணக்கில் எழுதியிருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதி மக்கள் ஊர்ப்பெயர் எதையும் சேர்க்காமல் 'காண்டோ பாவள்', பித்துப் பிடித்த கருவேல் என்கின்றனர். தெலுங்கு விவசாயிகள் வைத்த பெயர்தான் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது: 'சர்க்கார் தும்மா', அரசாங்கக் கருவேல்.

ஏனெனில் இந்த மரம் தானாக இந்தியாவுக்கு வரவில்லை. ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது, சமஸ்தானங்கள் வளர்த்தன, விடுதலைக்குப் பின்னர் வந்த அரசுகள் பரப்பின. இன்று அதே அரசு இயந்திரம் இதை எதிரியாக அறிவித்து, மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டு பிடுங்கி வருகிறது. நட்ட போதும் பிடுங்கும் போதும், அந்த மரத்தின் நிழலிலும் முள்ளிலும் வாழும் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு பாலைநிலத் தாவரத்தின் 150 ஆண்டு வரலாறு சொல்லும் பாடம் இதுவே.

ஜமைக்காவிலிருந்து கடப்பைக்கு

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவையே சீமைக்கருவேலத்தின் தாயகம். சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த கர்னல் பெடோம், 1876ஆம் ஆண்டில் இம்மரத்தின் விதைகளைத் தருவித்துத் தருமாறு வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877ஆம் ஆண்டில் இன்றைய ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் உள்ள கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. மழை பொய்த்தாலும் பட்டுப்போகாத மரம் என்ற ஒரு தகுதியே அன்றைய அதிகாரிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பின்னர் இம்மரம் வடக்கே சென்றது. 1913ஆம் ஆண்டில் ஜோத்பூர் சமஸ்தானத்தில் நடப்பட்டது. 1940ஆம் ஆண்டில் அந்தச் சமஸ்தானம் இதை 'அரச மரபுத் தாவரம்' என்று அறிவித்து, குடிமக்கள் இதைக் காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இன்று நீதிமன்ற ஆணையின் பேரில் வெட்டப்படும் மரம், ஒரு காலத்தில் அரசாணையின் பேரில் காக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. புதிய தலைநகரை எழுப்பிய ஆங்கிலேயர், தில்லியின் பாறைக் குன்றுகளைப் பசுமையாக்கவும் இதையே தேர்ந்தெடுத்தனர்.

விடுதலைக்குப் பிறகும் கொள்கை மாறவில்லை. குஜராத்தில் உப்புப் பாலைவனம் முன்னேறி வருவதைத் தடுப்பதற்காக, 1961ஆம் ஆண்டு முதல் கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளியில் 31,550 ஹெக்டேரில் வனத்துறை இதை நட்டது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில், ஏழைகளின் அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதற்காகக் காமராஜர் ஆட்சிக் காலத்தில் விதைகள் தூவப்பட்டன என்று முதியவர்கள் இன்றும் கூறுவதுண்டு. அந்த நோக்கத்தில் குறை காண இயலாது. விறகு கிடைத்ததும் உண்மை. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை நட்டவர்கள் எவரும் திட்டமிடவில்லை.

வறட்சியை வெல்லும் உடலமைப்பு

சீமைக்கருவேலத்தின் வலிமை அதன் வேரில் இருக்கிறது. ஆணிவேர் நீரைத் தேடி ஆழத்துக்குச் செல்லும். பக்க வேர்கள் மேல்மண்ணில் பரவி, பெய்யும் சிறு தூறலையும் பயன்படுத்திக் கொள்ளும். இம்மரத்தின் நெருங்கிய உறவான மற்றொரு மெஸ்கீட் மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டுள்ளது. உவர் நிலத்திலும் களர் நிலத்திலும் இது முளைக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையுடன் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் திறனும் இதற்கு உண்டு.

பரவும் முறையும் தனித்தன்மை உடையது. இதன் இலையை ஆடுமாடுகள் விரும்பித் தின்பதில்லை. ஆகவே கன்றுகள் தப்பிப் பிழைக்கின்றன. ஆனால் இதன் நெற்று இனிப்பானது. அதை விரும்பித் தின்கின்றன. கடினமான ஓடு கொண்ட விதை செரிக்காமல் சாணத்துடனும் புழுக்கையுடனும் வெளியேறி, எரு கலந்த ஈர மண்ணில் முளைக்கிறது. கால்நடை செல்லும் பாதையெல்லாம் மரத்தின் பாதையாகிறது. தரைமட்டத்தில் வெட்டினால், அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகளிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிறது. மண்ணில் விழுந்த விதைகள் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கின்றன. எனவே, ஒருமுறை வெட்டிவிட்டு ஒப்பந்ததாரருக்குப் பணம் பட்டுவாடா செய்வதால் முடிந்துபோகும் வேலை அல்ல இது.

அதே வேளையில், இம்மரம் பற்றித் தமிழகத்தில் பரவியுள்ள செய்திகள் அனைத்தும் உண்மையல்ல. இது காற்றிலுள்ள ஈரப்பதம் முழுவதையும் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, நச்சுக் காற்றை வெளியிடுகிறது, நிழலில் கட்டிய மாட்டை மலடாக்குகிறது என்பனவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. மற்ற மரங்களைப் போலவே இதுவும் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகிறது. உண்மையான குற்றச்சாட்டு வேறு. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மேற்கொள்ளப்பட்டு 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 லிட்டர் நீரை உறிஞ்சுவதாகக் கணக்கிடப்பட்டது. தனி மரத்துக்கு இது பெரிய அளவு அல்ல. ஆனால் மற்ற தாவரங்கள் உலர்ந்து ஓய்ந்த கோடையிலும் இது நீரை எடுப்பதை நிறுத்துவதில்லை. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கில் அடர்ந்து நிற்கும்போது நிலத்தடி நீரின் மீது விழும் சுமை பெரிதாகிறது. வதந்தியின் துணையின்றியே இம்மரத்தின் மீது வழக்குத் தொடுக்கப் போதிய காரணம் உண்டு.

புல்வெளியை இழந்த மேய்ப்பர்கள்

அந்த வழக்கின் முதல் சாட்சி பன்னி. ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்புல்வெளி, ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. மால்தாரி எனப்படும் மேய்ப்பர் சமூகத்தினர் பல தலைமுறைகளாக இங்கு எருமைகளை வளர்த்து வருகின்றனர். இரவில் மேய்ந்து காலையில் தாமாகவே பட்டி திரும்பும் பன்னி எருமை, 2010ஆம் ஆண்டில் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் அந்த எருமைக்குரிய புல், கருவேலத்தின் கீழ் மறைந்துகொண்டே வந்தது.

அரசின் அணுகுமுறையோ ஊசலாடியது. மரத்தை வெட்டத் தடை இருந்தது. 2004ஆம் ஆண்டில் கரி சுடுவதற்காகத் தடை தளர்த்தப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மீண்டும் விதிக்கப்பட்டது. புல்வெளி என்பது அரசு ஆவணங்களில் நெடுங்காலம் 'தரிசு' என்ற கணக்கிலேயே வைக்கப்பட்டிருந்ததால், அதில் எந்த மரத்தை வளர்த்தாலும் அது முன்னேற்றமாகவே எண்ணப்பட்டது. மால்தாரிகள் வன உரிமைச் சட்டத்தின்படி தங்கள் சமூக உரிமையைக் கோரினர். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையும் நாடினர். பன்னியில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று தீர்ப்பாயம் 2021ஆம் ஆண்டில் உத்தரவிட்டதுடன், மேய்ப்பர்களின் சமூக உரிமையையும் உறுதி செய்தது. எனினும் மேய்ச்சலை நம்பிய குடும்பங்கள் சில, இன்று அதே மரத்தைக் கரியாக்கி வாழ்கின்றன. எருமையைப் பட்டினி போட்ட மரமே மனிதர்க்குச் சோறிடும் நிலை உருவாகியுள்ளது.

கண்மாயும் கரிமூட்டமும்

இந்த முரண்பாட்டை இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்ட மக்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. மழைநீரைத் தேக்கி நெல்லும் மிளகாயும் விளைவித்த கண்மாய்களின் உட்பரப்பில் இன்று கருவேலம் அடர்ந்து நிற்கிறது. வரத்துக் கால்வாய்களில் முளைத்த மரங்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன. வண்டல் படிந்து கண்மாயின் கொள்ளளவு சுருங்குகிறது. தண்ணீர் வராத வயலைத் தரிசாகப் போட்டால், இரண்டே ஆண்டுகளில் அங்கும் கருவேலம் குடியேறுகிறது. அதை அகற்றி மீண்டும் உழவு செய்ய ஆகும் செலவு, ஒரு போக விளைச்சலின் வருவாயை விஞ்சுவதால், சிறு விவசாயி நிலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்.

மறுபக்கமும் உண்டு. மழை பொய்த்து வேலை இல்லாத ஆண்டுகளில், இம்மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்களைத் தாங்கியது இந்த மரமே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரிசு நிலத்தின் மரங்களை விலை பேசி வெட்டுகின்றனர். விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண் பூசி, மூட்டம் போடுகின்றனர். உள்ளே நெருப்பு வைத்த பிறகு, காற்று அதிகம் புகாமல் பல நாட்கள் புகைந்தெரிய வேண்டும். எங்கேனும் மண் விரிசல் விட்டால் விறகு சாம்பலாகிவிடும். ஆகவே இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும். தேநீர்க் கடைகள், உணவகங்கள், சலவைத் தேய்ப்பகங்கள், ஆலைகள் எனப் பல இடங்களுக்கு அது செல்கிறது. வெட்டும் கூலி, அடுக்கும் கூலி, கரி அள்ளும் கூலி என மூன்று நிலைகளிலும் பெண்கள் உழைக்கின்றனர். புகையும் கரித்தூளும் நிறைந்த, பாதுகாப்பற்ற வேலைதான். ஆனால் வறட்சியிலும் கிடைக்கும் வேலை அது ஒன்றே.

விறகை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யும் சிறு ஆலைகளும் தென்மாவட்டங்களில் இம்மரத்தை நம்பியே அமைந்தன. ஜோத்பூரில் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம், நெற்றைக் கால்நடைத் தீவனமாக்கும் முறையையும், அதை வறுத்துப் பானப் பொடி தயாரிக்கும் முறையையும் உருவாக்கியது. நெற்றை அரைத்துவிட்டால் விதையும் நொறுங்கிவிடுவதால் பரவலும் தடைபடும் என்பது இதிலுள்ள கூடுதல் நன்மை. அமெரிக்கப் பாலைநிலத்தின் பூர்வகுடி மக்கள் மெஸ்கீட் நெற்று மாவை நெடுங்காலம் உணவாகக் கொண்டவர்கள். பெரு நாட்டில் இவ்வினத்தின் மற்றொரு மரத்தின் நெற்றிலிருந்து காய்ச்சும் பாகு இன்றும் கடைகளில் விற்கப்படுகிறது. இந்தியா மரத்தை இறக்குமதி செய்தது. அதை உண்ணும் அறிவை இறக்குமதி செய்யவில்லை.

நீதிமன்றத்தில் ஒரு மரம்

சீமைக்கருவேலத்தை அகற்றக் கோரி மதிமுக பொதுச்செயலாளர் வைகோ உள்ளிட்டோர் தொடுத்த பொதுநல வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. 13 தென்மாவட்டங்களில் குறுகிய காலக்கெடுவுக்குள் மரங்களை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டதுடன், பணியைக் கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்களையும் நியமித்தது. மாவட்ட ஆட்சியர்கள் களமிறங்கினர். கட்சித் தொண்டர்களும் மாணவர்களும் அரிவாளுடன் கண்மாய்களுக்குள் இறங்கினர்.

ஆனால் அறிவியல் ஆய்வின்றி ஒரு மரத்தை மாநிலம் முழுவதும் வெட்டலாமா என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்கே வந்தது. அதே ஆண்டில் தலைமை நீதிபதி அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது; பின்னர் முழு அமர்வு பணியைத் தொடர வழிவிட்டது. உத்தரவு, தடை, மீண்டும் அனுமதி என்று வழக்கு நகர்ந்த வேளையில், தென்மாவட்டங்களில் வெட்டப்பட்ட கட்டைகள் துளிர்த்துவிட்டன. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு, அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. அகற்றுதலோடு நில்லாமல் வாழிடங்களை மீட்டெடுப்பதையும் தன் பெயரிலேயே கொண்டுள்ள கொள்கை அது. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களின் புல்வெளியை இம்மரம் விழுங்கியதைக் கண்ட வனத்துறைக்கு, மீட்டெடுப்பின் தேவை புதிதல்ல. ஆனால் நீர்நிலைகளில் நடக்கும் அகற்றும் பணி இன்னமும் ஏலத்தொகையும் டன் கணக்குமாகவே அளக்கப்படுகிறது. அந்த இடத்தில் பின்னர் என்ன வளர்ந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. கரிமூட்டத் தொழிலாளிக்கு மாற்று வேலை என்ன என்பதற்கும் கணக்கு இல்லை.

பல்லிழந்த ஆடு

இந்தக் கணக்கைக் கேட்டு நீதிமன்றம் சென்றவர்கள் ஆப்பிரிக்காவிலும் உண்டு. கென்யாவின் பாரிங்கோ ஏரிக்கரையில், 1980களில் பன்னாட்டு உதவியுடன் இதே மரம் நடப்பட்டது. மேய்ச்சல் நிலம் மறைந்தது. இனிப்பு நெற்றைத் தொடர்ந்து தின்ற ஆடுகளுக்குப் பற்கள் சொத்தையாகி உதிர்ந்தன. அப்பகுதியின் மேய்ப்பர் சமூகத்தினர் 2006ஆம் ஆண்டில் அரசின் மீது வழக்குத் தொடுத்து, பல்லிழந்த ஆடு ஒன்றையே சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தனர். நட்டது நீங்கள்; இழந்தது நாங்கள் என்பதே அவர்களின் வாதம்.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் சென்றது. அங்கு மெஸ்கீட் மரத்தால் பயனடைவோரும் பாதிக்கப்படுவோரும் இருப்பதை ஏற்றுக்கொண்டு, மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் வண்டினத்தை 1987ஆம் ஆண்டில் விட்டனர். 1995ஆம் ஆண்டில் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற அரசுத் திட்டம், அயல் மரங்களை அகற்றும் வேலையையே ஏழைகளுக்கான வேலைவாய்ப்பாக மாற்றியது. இவற்றால் அங்கு மெஸ்கீட் ஒழிந்துவிடவில்லை. பரப்பு தொடர்ந்து கூடியே வந்தது. எனினும் மரத்தை அகற்றும் கூலி, மரத்தால் பாதிக்கப்பட்டவரின் கைக்கே போக வேண்டும் என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டது. இந்தியாவில் அக்கூலியின் பெரும்பகுதி இயந்திர வாடகையாகப் போகிறது.

உடன்பிறந்த வன்னி

சீமைக்கருவேலம் வருவதற்கு முன்னரும் இந்நாட்டின் வறண்ட நிலத்தில் மரங்கள் இருந்தன என்பது இவ்விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நெடுங்காலம் இதனுடன் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வன்னி மரம் அவற்றுள் தலையாயது. 2022ஆம் ஆண்டில் தாவரவியலாளர்கள் வகைப்பாட்டைத் திருத்தி, அமெரிக்க மரங்களை 'நெல்டுமா' என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினர். வன்னி பழைய 'புரோசோபிஸ்' பெயரிலேயே நீடிக்கிறது. விருத்தாசலம் கோயிலின் தல மரம் வன்னி. பாண்டவர் அஞ்ஞாதவாசத்தில் ஆயுதங்களை மறைத்து வைத்ததாக மகாபாரதம் சொல்வதும் இம்மரத்தில்தான்.

ராஜஸ்தானில் 'கேஜ்ரி' என்று வழங்கும் வன்னி, அம்மாநிலத்தின் அரசு மரம். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் இதை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தலைமையில் மரங்களைக் கட்டித் தழுவி 363 பிஷ்னோய் மக்கள் உயிர்நீத்தனர். கம்பு வயலின் நடுவே இதை நிற்க விடுவது அங்குள்ள வேளாண் மரபு. ஆணிவேர் ஆழத்தில் நீர் தேடுவதால் பயிருடன் இது போட்டியிடுவதில்லை. உதிரும் இலை மண்ணை வளமாக்குகிறது. குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து இலையை ஆடுமாடுகளுக்குத் தீவனமாக்குகின்றனர். 'சாங்ரி' எனப்படும் இதன் இளங்காயை உலர்த்தி ஆண்டு முழுவதும் சமைக்கின்றனர். 1868-69ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இதன் பட்டையை இடித்து மாவாக்கி உண்டு மக்கள் உயிர் பிழைத்தனர். மெதுவாக வளர்வதே இதன் குறை. அதற்கும் தீர்வு காணும் முயற்சியாக, பிகானேரில் உள்ள மத்திய வறள்நிலத் தோட்டக்கலை நிறுவனம் மொட்டு ஒட்டு முறையில் விரைவில் காய்க்கும் முள்ளில்லா வன்னி ரகத்தை உருவாக்கியுள்ளது.

சீமைக்கருவேலத்தின் இலையை ஆடு தின்பதில்லை. ஆகவே அது பெருகுகிறது. வன்னியின் இலையை ஆடு தின்கிறது. ஆகவே அது மனிதரின் காவல் இருந்தால் மட்டுமே வளர்கிறது. காக்கும் மனிதர்களுக்கு நிலத்தின் மீது உரிமை இருக்கும் வரையில்தான் வன்னிக்கும் வாழ்வு. இன்று பிகானேர், பலோடி வட்டாரங்களில் சூரிய மின் நிலையங்களுக்காக கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் போராடி வருகின்றனர். 'ஓரண்' எனப்படும் ஊர்க் காவற்காடுகளைக் கணக்கெடுத்துக் காடுகளாகப் பதிவு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. கூடலூர் வழக்கிலிருந்து தொடங்கி நாடு முழுவதற்கும் விரிந்த கோதவர்மன் திருமுல்பாடு வனவழக்கின் தொடர்ச்சியாகவே இவ்வுத்தரவு வந்தது என்பது தமிழக வாசகர்கள் அறிய வேண்டியது.

தலைநகர் கற்ற பாடம்

தில்லியில் மரத்தை வெட்ட 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. அயல் மரமாயினும் விதிவிலக்கு இல்லை. இதனால் வேறொரு வழி தேட வேண்டியிருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர்.பாபு தலைமையிலான குழுவினர், தில்லி வளர்ச்சி ஆணையத்துடன் இணைந்து உருவாக்கிய உயிர்ப்பன்மைப் பூங்காக்களில் அந்த வழி சோதிக்கப்பட்டது. மரத்தை வேரோடு சாய்க்காமல், மேற்கிளைகளை மட்டும் கழித்து வெயில் தரையில் விழுமாறு செய்கின்றனர். அந்த வெளிச்சத்தில் ஆரவல்லி மலைக்குரிய மண்ணின் மரங்களை நட்டு வளர்க்கின்றனர். அவை உயர்ந்து நிழல் பரப்பியதும், வெயிலை விரும்பும் கருவேலம் தானாக நலிகிறது. சுரங்கங்கள் தோண்டிச் சிதைந்த நிலமாக இருந்த ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா, இன்று காடாக நிற்பது இம்முறையின் சான்று.

இம்முறை மெதுவானது, ஆண்டுக்கணக்கில் ஆட்களின் கவனிப்பைக் கோருவது. திறப்பு விழாவுக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஏற்றதல்ல. நீர் தேங்கும் கண்மாய்க்கு இதை அப்படியே பொருத்தவும் இயலாது. அங்கு வேரோடு அகற்றுவது தவிர்க்க முடியாதது. ஆயினும் கரைகளிலும் புறம்போக்குகளிலும் தரிசுகளிலும், எடுத்த இடத்தில் உடனே வன்னி, நாட்டுக் கருவேல், புங்கன், வேம்பு, பனை ஆகியவற்றை வைத்து மூன்று நான்கு ஆண்டுகள் காப்பது இயலாத காரியமல்ல. துளிர்க்கும் கட்டையை ஆண்டுதோறும் தோண்டி எடுக்கவும், கன்றுக்கு நீர் ஊற்றவும், நெற்றைச் சேகரித்து அரைவை ஆலைக்கு அனுப்பவும் ஆட்கள் தேவை. மூட்டம் போட்டுப் பழகிய கைகள் அதற்கு ஆயத்தமாக உள்ளன.

சட்டம் எங்கே நிற்கிறது?

அயல் ஊடுருவல் உயிரினங்களால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு, 2019ஆம் ஆண்டு நிலவரப்படி 42,300 கோடி டாலரைத் தாண்டியது என்று ஐ.நா. ஆதரவு பெற்ற பன்னாட்டு அறிவியல் குழு 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், அயல் ஊடுருவல் இனங்களை முதன்முறையாக வரையறுத்து, அவற்றின் இறக்குமதியையும் பரவலையும் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் அரசே ஒரு தாவரத்தைப் பெருமளவில் பரப்பும்போது, அதை முன்கூட்டியே ஆராயவும், உள்ளூர் மக்களின் ஒப்புதலைப் பெறவும் அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இது வெறும் பழங்கதை அல்ல. 2003ஆம் ஆண்டில் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்கை நட்டு டீசலுக்கு மாற்றுக் காணலாம் என்று பரிந்துரைத்தது. தண்ணீர் வேண்டாத பயிர் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. தமிழகத்திலும் விவசாயிகள் நம்பி நட்டனர். தண்ணீரும் உரமும் இன்றி அது காய்க்கவில்லை. மேய்ச்சலுக்கும் உணவுக்கும் பயன்பட்ட நிலத்தை அது பறித்ததையும், கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் மேற்கொள்ளப்பட்ட, 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மீண்டும் 'தரிசு' என்ற ஒற்றைச் சொல். மீண்டும் தலைநகரில் எடுத்த முடிவு.

இப்போது ஆரவல்லி மலைத்தொடரைச் சுற்றி நான்கு மாநிலங்களில் பசுமை அரண் எழுப்பும் திட்டம் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்டு நடைபெறுகிறது. மண்ணுக்குரிய மரங்களையே நடுவோம் என்று அறிவித்திருப்பது வரவேற்கத்தக்கது. எந்த மரம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாருடைய நிலத்தில், யாரைக் கேட்டு, யார் காப்பது என்ற கேள்விகளே எஞ்சியுள்ளன. பன்னியின் மால்தாரியும், இராமநாதபுரத்தின் கரிமூட்டத் தொழிலாளியும் இக்கேள்விகளுக்கான விடையைத் தங்கள் வாழ்க்கையால் அறிந்தவர்கள். அவர்களை விவாத மேசைக்கு அழைக்காத வரையில், நடப்படும் மரம் எதுவாயினும், மக்கள் அதற்கு வைக்கும் பெயர் 'சர்க்கார் முள்' என்பதாகவே இருக்கும்.